என்னோடது எல்லாம் என்கிட்ட இருக்கு

காலைக் கொஞ்சம் தூக்கிக்கிறீங்களாண்ணா? ஒரு நிமிஷம்தான். அந்த நாத்து ட்ரேயை நான் பிடிச்சுக்கறேன், சாயாது. தக்காளியா? மொளகாயா. நல்லா வந்திருக்கு.

காசு இல்லைங்க, பட்டன். சட்டைக் கைப் பட்டன். பாருங்க, இந்தக் கையில இருக்கு, இந்தக் கையில நூல் மட்டும்தான் நிக்குது. வெள்ளைப் பட்டன், நாலு ஓட்டை. பஸ்லதான் எங்கயாவது விழுந்திருக்கும். சீட்டுக்கு அடியில உருண்டு போயிருக்கும். ஓசூர்ல ஏறினதுல இருந்து தேடிக்கிட்டு இருக்கேன். முன் சீட்டு அம்மா திட்டிட்டாங்க.

ஒரு பட்டனுக்கா இவ்வளவுன்னு கேக்கறீங்க. கண்டக்டரும் அப்படித்தான் பாத்தார். நான் வேலை செய்யற எடம் அப்படிங்கண்ணா. நாங்க விமானத்துக்கு இறக்கை செய்யறோம். பெரிய விமானம் இல்லை. வெளிநாட்டுல ஓட்டப் பழகறவங்களுக்குன்னு ஒரு சின்ன விமானம். உடம்பு வேற எங்கயோ செய்யறாங்க, இறக்கை மட்டும் நம்ம ஓசூர்ல. நான் அங்க தரம் பாக்கற இன்ஜினியர். என் பேரு மாதேஷ். ஊர் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம்.

இறக்கைன்னா பலகை மாதிரி ஒண்ணுன்னு நெனைக்கறாங்க. எங்கப்பாவும் அப்படித்தான் நெனைச்சார். அது உள்ள வீடு மாதிரிங்க. நீளத்துக்கு முன்னால ஒரு உத்தரம், பின்னால ஒரு உத்தரம். குறுக்கால வரிசையா சட்டம் வரும், மாட்டு விலா எலும்பு மாதிரி. விலான்னுதான் நாங்களும் சொல்றோம். அதுக்கு மேலயும் கீழயும் தகடு போத்தி ரிவெட் அடிச்சு மூடுவோம். மூடினா உள்ள காலி அறைங்க. அந்த அறையிலதான் பெட்ரோலே நிக்கும். தனியா டேங்க் கிடையாது, இறக்கைதான் டேங்க்.

அதனால உள்ள எதுவும் இருக்கக் கூடாது. ஒரு ரிவெட் துண்டு, ஒரு பென்சில் முனை, எதுவும். மேல போய் விமானம் சாயும்போது அது உருளும். உருண்டு போய் பெட்ரோல் போற வாயில ஒக்காந்துட்டா முடிஞ்சுது. அதுக்காகத்தான் கடைசித் தகடு மூடறதுக்கு முன்னால ஒரு வழக்கம் வச்சிருக்கோம். உள்ள கை விட்டவங்க எல்லாரும் இறக்கை பக்கத்துல வரிசையா நிக்கணும். பாக்கெட்டை வெளிய இழுத்துக் காட்டணும். அப்புறம் ஒவ்வொருத்தரா சத்தமா சொல்லணும், "என்னோடது எல்லாம் என்கிட்ட இருக்கு." தமிழ்ல சொல்லுவாங்க, தெலுங்குல சொல்லுவாங்க, ஒடியாப் பசங்க ரெண்டு பேர் அவங்க பாஷையில சொல்லுவாங்க. எந்தச் சட்டப் புத்தகத்துலயும் இல்லை. யாரோ ஆரம்பிச்சாங்க, அப்படியே நெலைச்சுப்போச்சு. நான் சேந்த புதுசுல எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அப்புறம் கொஞ்சம் பயமா இருந்துச்சு, கோயில்ல சத்தியம் பண்ற மாதிரி.

இன்னிக்குக் காலையிலயும் சொன்னோம். நானும் சொன்னேன்.

ஆமாங்க, நானும் கை விட்டேன். வழக்கமா நான் தொட மாட்டேன், பாக்கறதுதான் வேலை. மேனேஜர் கூப்பிட்டு, "மாதேஷ், மூணாவது விலாகிட்ட ஒரு கிளிப் ஆடுதாம், பாத்துட்டு ஓகே சொல்லு, மத்தியானம் மூடணும், நாளைக்கு லாரி வருது"ன்னார். ஓவர்கோட்டு ஒண்ணு இருக்கு, ஜிப்பு வச்சது, பட்டனே இருக்காது. அதைப் போடணும். ஊருக்குப் போற அவசரம், போடலை. சட்டைக் கையை மடக்கிவிட்டுட்டு உள்ள கை விட்டுப் பாத்தேன். கிளிப் நல்லாத்தான் இருந்துச்சு.

அதுக்கும் இந்தப் பட்டனுக்கும் சம்பந்தம் இல்லைங்க. இது பஸ்ல விழுந்தது. உங்க மூட்டையைக் கொஞ்சம் நகத்தலாமா? இல்லையா. சரி.

மடியில இருக்கறதா? ஃப்ரேம்ங்க. பேப்பர் சுத்தி வச்சிருக்கேன். எங்க பகுதிக்குக் கம்பெனியில குடுத்தது. போன ஆடியில இருந்து எங்க பகுதியில ஒரு பொருள் கூடத் தொலையலைன்னு குடுத்த சான்றிதழ். என் பேர் போட்டிருக்காங்க. அப்பாகிட்டக் காட்டறதுக்குக் கொண்டு போறேன். அப்பா அரூர் மண்டியில மூட்டை தூக்கறார். எங்க வீட்டுல காலேஜ் போன மொத ஆள் நான்தான். ஊர்ல யாரைப் பாத்தாலும் "என் பையன் ஏரோப்ளேன் செய்யறான்"ம்பார். "முழு ஏரோப்ளேனா மாமா?"ன்னு பசங்க கேலி பண்ணுவாங்க. "ஆரம்பிச்சிருக்கான், செஞ்சுடுவான்"ம்பார். திங்கக்கிழமை எனக்கு பர்மனென்ட் ஆர்டர் தராங்க. அதுக்குத்தான் வீட்டுல நாளைக்குக் கெடா வெட்டறாங்க, முனியப்பனுக்கு. வேண்டாம்னு சொன்னேன். ஆர்டர் கையில வரட்டும்னு சொன்னேன். கேக்கலை.

இந்த வருஷம் பூரா நான் பட்டது எனக்குத்தாங்க தெரியும். எல்லாம் ஒரு மூக்குத்தியால. நீங்க கிருஷ்ணகிரி தாண்டித்தானே போறீங்க? அப்போ சொல்றேன்.

முனிரத்னான்னு ஒரு அக்கா. பேரிகைப் பக்கம். ஏஜென்சி மூலமா வந்தவங்க. இறக்கைக்குள்ள தகடு சேர்ற எடத்துல ஒரு பசை வைக்கணும், பெட்ரோல் ஒழுகாம இருக்க. மருதாணிக் கோன் மாதிரி ஒண்ணு இருக்கும், அதுல பிதுக்கிப் பிதுக்கி வைக்கணும். அந்தக்கா கை சின்னது, எந்த ஓட்டையிலயும் நுழையும். பேச்சும் அப்படித்தான், எதுலயும் நுழையும். என்னை "தம்பி சாரு"ம்பாங்க. தம்பின்னா தம்பின்னு சொல்லணும், சார்னா சார்னு சொல்லணும். ரெண்டும் சேத்து. நான் குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பாக்கும்போது, "தம்பி சாரு, பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி கொறை தேடாதீங்க"ம்பாங்க. எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். கெட்டவங்க இல்லைங்க. அதைச் சொல்லிடறேன்.

நகை போட்டுக்கிட்டு உள்ள வரக் கூடாது. கழட்ட முடியாத நகைக்கு மேல டேப் ஒட்டிக்கணும். அந்தக்கா மூக்குத்தி கல்யாணத்துக்குப் போட்டது. திருகாணி இறுகிப் போய்க் கழட்ட வரலை. டேப் ஒட்டிக்கிட்டு வருவாங்க. ஆடி மாசம், ஆனாலும் இறக்கை பக்கத்துல வேர்வை ஊத்தும். அன்னிக்கு வரிசையில நின்னு சொன்னாங்க, எல்லாம் என்கிட்ட இருக்குன்னு. மூடிட்டோம். ரிவெட் அடிச்சு முடிச்சு, ஆளுங்க டீ குடிக்கப் போயாச்சு. அந்தக்கா குழாயில முகம் கழுவிட்டுத் திரும்பி வராங்க. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு வராங்க.

"தம்பி சாரு, நான் வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கறேன்."

"என்ன வார்த்தைக்கா?"

"மூக்குத்தி இருக்கு. பின்னால திருகாணி இல்லை."

சாயங்காலம் அந்த இறக்கை போகணும். நான் சொன்னேன், "அக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வீட்டுலயே விழுந்திருக்கலாம், வழியில விழுந்திருக்கலாம்." வேற ஒண்ணும் சொல்லலைங்க. மறைச்சுடுங்கன்னு சொல்லலை. யோசிச்சுச் சொல்லுங்கன்னுதான் சொன்னேன். அந்தக்கா என்னைப் பாத்தாங்க. "விழுந்திருக்கலாம். உள்ளயும் விழுந்திருக்கலாம் இல்ல"ன்னாங்க.

பிரிச்சோம். மூடின இறக்கையைப் பிரிக்கறது லேசு இல்லைங்க. ஒவ்வொரு ரிவெட்டையும் துளை போட்டு எடுக்கணும். எடுக்கும்போது ஓட்டை கொஞ்சம் பெரிசாகும். தையல் பிரிச்ச துணியில ஊசி ஓட்டை தெரியுமில்ல, அப்படி. மறுபடி அடிக்கணும்னா அடுத்த அளவு ரிவெட் வேணும். அந்த அளவுக்குத் தகடு ஓரத்துல எடம் இருக்கா, பலம் தாங்குமான்னு டிசைன் ஆபீஸ் கணக்குப் போட்டுச் சொல்லணும். அவங்க பெங்களூருல இருந்து ஃபோன்ல, "என்ன மாதேஷ், கோயில் உண்டியலைத் தொறக்கற மாதிரி அடிக்கடி தொறப்பீங்களா?"ன்னு கேட்டாங்க. அந்த வாரம் பூரா கண்ணாடி விட்டுப் பாத்தோம், வயர் கேமரா விட்டுப் பாத்தோம். பசையைச் சுரண்டிப் பாத்தோம். இல்லை.

இதுவரைக்கும் சரி. இல்லைன்னு எழுதி மூடியிருப்போம். அடுத்த வாரம் ஒரு காலையில அந்தக்கா சிரிச்சுக்கிட்டே வராங்க, உள்ளங்கையை நீட்டிக்கிட்டு. "கெடச்சிருச்சு தம்பி சாரு. டிபன் டப்பா மூடியில ரப்பர் இருக்குமில்ல, அதுக்குள்ள. நேத்து கழட்டிக் கழுவும்போது டிங்குன்னு விழுந்துச்சு."

சொல்லணுமாங்க அதை? நான் கேக்கறது அதுதான். மொதல்ல சொல்லாம இருந்திருந்தா ஒண்ணும் இல்லை, ஏன்னா உள்ள இல்லவே இல்லை. ரெண்டாவது சொல்லாம இருந்திருந்தாலும் ஒண்ணும் இல்லை, தேடினோம், கெடைக்கலைன்னு போயிருக்கும். ரெண்டு தடவையும் வந்து சொல்றாங்க. சிரிச்சுக்கிட்டு வேற. மேனேஜருக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரு டிபன் டப்பாவுக்காக இறக்கையைப் பிரிச்சோம்னு ஆயிடுச்சு.

நான் ரிப்போர்ட் எழுதினேன். நடந்ததை நடந்த மாதிரி எழுதினேன். அந்தக்கா பேரையும் எழுதினேன். ஃப்ளோர் இன்சார்ஜ் பசவராஜுன்னு ஒருத்தர், நல்ல மனுஷன், சத்தமாப் பேச மாட்டார். அவர் வந்து, "சார், தானா வந்து சொன்னவங்க பேரு போட வேண்டியதில்லைன்னு விதியில இருக்கே"ன்னார். "போட வேண்டியதில்லைன்னுதான் இருக்கு, போடக் கூடாதுன்னு இல்லையே"ன்னேன். உண்மையை எழுதறதுல அரைகுறை எதுக்கு? எனக்குப் படிப்பு சொல்லிக் குடுக்க வீட்டுல ஆள் இல்லைங்க. விதியை நானே படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். எழுத்துக்கு எழுத்துப் படிப்பேன்.

அந்த மாசக் கடைசியில ஏஜென்சி அந்தக்காவை மறுபடி அனுப்பலை. நான் அனுப்ப வேண்டாம்னு சொல்லலைங்க. ஏஜென்சிதான். வேணும்னா விசாரிச்சுக்குங்க.

அதுக்கப்புறம் நான் கட்டுப்பாடு கொண்டு வந்தேன். வாசல்ல ஒரு பொண்ணு டார்ச் வச்சுக்கிட்டு நிக்கும். பொம்பளைங்க மூக்கு, காது பாத்துத்தான் உள்ள விடும். டேப் கதையே கெடையாது. யாராவது ஒரு பொருளைத் தொலைச்சா பேர், ஊர், ஏஜென்சி எல்லாம் எழுதணும். மேனேஜர் தட்டிக் குடுத்தார். அன்னியில இருந்து இன்னி வரைக்கும் ஒண்ணு கூடத் தொலையலைங்க.

முன்னல்லாம் வாரத்துக்கு ரெண்டு மூணு வரும். "சார், ரிவெட் அடிக்கும்போது அதோட வால் துண்டு ஒண்ணு உள்ள தெறிச்சிருச்சு." "சார், என் ஸ்கெட்ச் பேனா மூடி காணோம்." நானும் அவங்களும் மண்டி போட்டுத் தேடுவோம். எடுப்போம். கெடச்சா ஒரு சத்தம் போடுவாங்க பாருங்க, சீட்டாட்டத்துல ஜெயிச்ச மாதிரி. இப்போ அது இல்லை. யாருக்கும் எதுவும் விழறதில்லை. அவ்வளவு கை, அவ்வளவு சாமான், ஒண்ணு கூட விழறதில்லை. நான் பக்கத்துல போனா பேச்சு நின்னுரும். வரிசையில நின்னு, "என்னோடது எல்லாம் என்கிட்ட இருக்கு"ன்னு படபடன்னு சொல்லிட்டுப் போயிடறாங்க. ஸ்கூல்ல உள்ளேன் ஐயா சொல்ற மாதிரி.

அசதியா இருக்குங்கண்ணா. என்ன அசதின்னு கேட்டா சொல்லத் தெரியலை. வேலை முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் நான் மூடின இறக்கைகிட்டப் போய் விரலால தட்டித் தட்டிக் கேக்கறேன். தர்பூசணி தட்டிப் பாக்கற மாதிரி. உள்ள ஏதாவது அசையுதான்னு. அப்படியெல்லாம் கேக்காதுங்க, எனக்குத் தெரியும். இன்ஜினியருக்குப் படிச்சவன் செய்யற காரியமா அது? ஆனா தட்டாம ரூமுக்குப் போனா சோறு எறங்க மாட்டேங்குது. ஒரு பொருளும் தொலையலைன்னு சான்றிதழ் வாங்கினவன் செய்யறதைப் பாருங்க. டாக்டர்கிட்டப் போகலாமான்னு கூட யோசிச்சேன்.

இது என்ன, குருபரப்பள்ளியா? இவ்வளவு சீக்கிரமா வந்துட்டோம்.

இன்னிக்குப் பாருங்க, இந்த அலைச்சலுக்கு நடுவுல, ஓசூர் பஸ் ஸ்டாண்டுல அந்தக்காவைப் பாத்தேன். முனிரத்னாக்காவை. ரோஜாத் தோட்டத்துல பூ அடுக்கற வேலையாம் இப்போ, விரல் எல்லாம் முள்ளு கிழிச்சு டேப் ஒட்டியிருக்காங்க. நான் பாக்காத மாதிரி போயிடலாம்னு பாத்தேன். அவங்களே வந்தாங்க. "தம்பி சாரு, எளைச்சுப் போயிட்டீங்களே, யாரும் சோறு போடறதில்லையா?"ன்னாங்க. ஊருக்கான்னு கேட்டாங்க. ஃப்ரேமைப் பாத்து என்னன்னு கேட்டாங்க, நான் சொல்லலை. போகும்போது என் கையைப் பாத்துட்டு ஒரு சிரிப்பு. "சாரு, கைப்பட்டன் காணோமே. எங்க விட்டீங்க? உள்ள கிள்ள விட்டுட்டு வந்திருக்கப் போறீங்க"ன்னாங்க.

குத்திக் காட்டறாங்கங்க. ஒரு வருஷமா மனசுல வச்சிருந்து சமயம் பாத்துச் சொல்றாங்க. நான் என்ன கெடுதல் பண்ணேன் அவங்களுக்கு? அதுக்கப்புறம்தான் பஸ்ல ஏறி ஒக்காந்து பாத்தேன், நெஜமாவே இல்லை. அதுல இருந்து தேடறேன்.

என்ன கேட்டீங்க?

ஆமாங்க. பஸ் ஸ்டாண்டுலதான் சொன்னாங்க.

ஆமாம், ஏறறதுக்கு முன்னாடிதான்.

அப்போ இந்த பஸ்ல எதுக்குத் தேடறேன்னு கேக்கறீங்க.

இருங்க. தண்ணி இருக்கா உங்ககிட்ட? ஒரு வாய் குடுங்க.

ரூம்ல விழுந்திருக்கலாமில்ல. காலையில சட்டை போடும்போது பட்டன் போட்டேன், ரெண்டு கையும் போட்டேன், அது ஞாபகம் இருக்கு. அப்புறம் இறக்கைகிட்டத்தான் மடக்கினேன். மடக்கும்போது ஒண்ணு இறுக்கிப் பிடிச்சுச்சு, இழுத்தேன். கம்பெனிக்கு வெளிய, ரோட்டுல விழுந்திருக்கலாம். விழுந்திருக்கலாம்ணா. எங்க வேணா விழுந்திருக்கலாம்.

உள்ளயும் விழுந்திருக்கலாம்.

யாரும் என் கையைப் பாக்கலைங்க. டார்ச் வச்ச பொண்ணு என்னைப் பாக்காது, நான்தான் அதை நிக்க வச்சது. வரிசையில நின்னு நல்லா சத்தமாச் சொன்னேன். எல்லாரையும் விடச் சத்தமா.

பிளாஸ்டிக்தான். மெதக்கும். இல்லை, மெதக்காதுங்க அது, அந்தப் பட்டன் கனமானது. மெதந்தாலும் ஒண்ணுதான். அதுல ஏறப் போறவன் புதுசா ஓட்டப் பழகறவன். யாரோ ஒரு ஊர்ல. அவன் வீட்டுலயும் இப்படித்தான் யார்கிட்டயாவது சொல்லிக்கிட்டு இருப்பாங்க, எங்க பையன் ஏரோப்ளேன் ஓட்டறான்னு.

மூடியிருப்பாங்க இந்நேரம். பிரிச்சா லாரி நாளைக்குப் போகாது. திங்கக்கிழமை ஆர்டர் போச்சு. இந்த ஃப்ரேமும் பொய்யாப் போச்சு. கெடா நாளைக்கு வெட்டறாங்க. எங்கப்பா என்ன சொல்லுவார் ஊர்ல?

கொஞ்சம் இருங்கண்ணா. ஃபோன் பண்றேன்.

ஹலோ, பசவராஜ் அண்ணா, நான் மாதேஷ். ஆமாம், பஸ்ல இருக்கேன். மூடிட்டாங்களா? சரி. அண்ணா, கேளுங்க. காலையில மூணாவது விலாகிட்ட நான் கை விட்டேனில்ல. என் சட்டைக் கைப் பட்டன் ஒண்ணு இல்லை. வெள்ளை. இல்லண்ணா, வெளியில விழுந்திருக்கலாம்தான். தெரியலை. அதனாலதான் சொல்றேன். நான் வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கறேன்.

சிரிக்காதீங்கண்ணா.

ஆமாம், பிரிக்கணும். மேனேஜர்கிட்ட நானே பேசறேன். நான் திரும்பி வரேன், வர வரைக்கும் தொடாதீங்க, கூட இருந்து தேடறேன். கேக்குதா? என்ன? பேரா?

பேர் போடணுமான்னு கேக்கறாருங்க.

அவர் கேலியாக் கேக்கலை. நெஜமாத்தான் கேக்கறார். தானா சொன்னவங்க பேர் போட வேண்டியதில்லையே சார், போடணுமா, வேண்டாமான்னு.

அண்ணா, லைன்ல இருக்கீங்களா? போடுங்க. மாதேஷ்னு போடுங்க. பக்கத்துலயே இன்னொண்ணும் எழுதுங்க, போன ஆடியில நான் எழுதின பேரை எடுக்கணும்னு. எடுக்க முடியாதா? சரி. எழுதியாவது வைங்க. வரேன்.

கிருஷ்ணகிரி வந்துருச்சு. நான் இங்க எறங்கி அந்தப் பக்க பஸ் பிடிச்சுடறேன். அப்பாவுக்கு எறங்கினப்புறம் ஃபோன் பண்ணிக்கறேன், இந்தச் சத்தத்துல வேண்டாம். நீங்க எறங்கும்போது ஒரு தடவை சீட்டுக்கு அடியில பாத்துருங்கண்ணா. இருக்காதுன்னு தெரியும். இருந்தாலும் பாத்துருங்க. இந்தக் கார்டை வச்சுக்குங்க, இதுல என் நம்பர் இருக்கு. கெடச்சா சொல்லுங்க, சங்கடப்படாம சொல்லுங்க.

எல்லாம் எடுத்துக்கிட்டேனான்னு கேக்கறீங்களா?

பை இருக்கு. ஃபோன் இருக்கு. ஃப்ரேம் இருக்கு.

எல்லாம் இல்லைங்கண்ணா. வரேன்.